கட்டுக்குள் இருந்த வெள்ளைப் பொடி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் "இந்த வருஷம் எழுதிவிடுகிறேன் முருகா" என்று சொல்லிவிட்டு வருவேன். அடுத்த தைப்பூசத்துக்கு அதையே மறுபடி சொல்லுவேன். நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன், எனக்கு எழுத வராது என்று வீட்டில் ஒரு காரணம் வைத்திருந்தேன். அது பொய். எழுதினால் என் மரியாதை போய்விடும் என்ற பயம்தான் நிஜம். இப்போது மரியாதையே உறுத்த ஆரம்பித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மருத்துவமனையில் முப்பத்து மூன்று வருஷம் உதவியாளர் வேலை பார்த்தேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். வேலைக்குச் சேர்ந்தபோது படுக்கை விரிப்பு மாற்றவும், தள்ளுவண்டியைச் சுவரில் இடிக்காமல் தள்ளவும், நம் இடுப்பு பிடிக்காமல் நோயாளியைத் தூக்கவும் கொஞ்ச நாள் சொல்லிக் கொடுத்தார்கள். மீதியைத் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். வார்டு வார்டாக மாற்றினார்கள். கடைசிப் பத்து வருஷம் பகல் சிகிச்சை அறையில் கழிந்தது.

அந்த அறை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சில கிருமிகளுக்கு மாத்திரை போதாது. ஆறு வாரம் நரம்பு வழியாகத்தான் மருந்து ஏற்ற வேண்டும். முன்பு அந்த ஆறு வாரமும் வார்டில் படுத்துக் கிடக்க வேண்டும். பிறகு, மேல்கையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி அதன் நுனி நெஞ்சுவரை போகும்படி வைத்து, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வழி வந்தது. தினமும் காலையில் வந்து, ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, மருந்து ஏற்றிக்கொண்டு போகலாம். அந்தக் குழாயை நாங்கள் லைன் என்போம்.

எல்லாருக்கும் லைன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போதை ஊசி போடுகிறவர்களுக்கு மட்டும் கிடையாது. கையில் கதவைத் திறந்து வைத்து அனுப்பினால் அந்த வழியாக என்ன போகும் என்று யாருக்குத் தெரியும் என்பது பேச்சு. அதனால் அவர்களை வார்டிலேயே படுக்கச் சொன்னார்கள். அவர்களோ நாலாம் நாள், ஐந்தாம் நாள் ஓடிப் போனார்கள். கிருமி ஓடிப் போகவில்லை.

பகல் சிகிச்சை அறைக்குத் தலைமை சிஸ்டர் மைமூன். அவருடைய தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டுக் கடலோர ஊரிலிருந்து வந்து ஜொகூரில் மளிகைக் கடை வைத்த குடும்பம். சிஸ்டர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. குரல் இறங்க இறங்க நமக்கு ஆபத்து என்று அர்த்தம். சாதாரண நாளில் நான் "பழனி அண்ணே". கோபம் வந்தால் "மிஸ்டர் பழனியப்பன்". அந்தப் பெயரை முழுசாகச் சொன்னவர்கள் இரண்டே பேர், என்னைப் பதிந்த கிளார்க்கும் சிஸ்டரும்.

வாரம் ஒருமுறை லைனைச் சுற்றியிருக்கும் மருந்துக் கட்டை மாற்றுவார். கண்ணாடி மாதிரி ஒட்டுத்தாளை ஓரத்திலிருந்து உரித்து, மருந்துப் பஞ்சால் தோலைத் துடைத்து, கையைத் தூக்கி நிறுத்தி, முகக்கவசத்துக்குள்ளேயே முப்பது வரை எண்ணுவார். எத்தனை பேர் வெளியே காத்திருந்தாலும் இருபத்தெட்டில் நிறுத்தமாட்டார். "காய்ஞ்சாதான் சுத்தம். ஈரத்துல ஒட்டினா உள்ள கிருமிக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி" என்பார். அந்த முப்பது எண்ணும் வரை நோயாளியின் கையைத் தாங்கிப் பிடிப்பது என் வேலை.

அப்போதுதான் குணா வந்தான். பெயர் மாற்றியிருக்கிறேன். ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாயில் லிஃப்ட் இல்லாத நாலு மாடி அடுக்குவீடுகளுக்கு எரிவாயு உருளை தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவன். முதுகெலும்பில் கிருமி. விட்டால் இரண்டு காலும் இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உருளை தூக்கிப் பிழைக்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? முதல்முறை வார்டில் படுத்தவன் ஒன்பதாம் நாள் போய்விட்டான். பக்கத்துக் கட்டில்காரரின் கைப்பேசி காணாமல் போக, இவன் பையை மூன்று தடவை கொட்டிப் பார்த்தார்கள். கைப்பேசி பிறகு அழுக்குத் துணி மூட்டையில் கிடைத்தது. அதற்குள் இவன் மாசாய் பஸ்ஸில் ஏறியிருந்தான்.

இரண்டாம் முறை வந்தபோது நடையே கோணியிருந்தது. "வார்டுல மட்டும் போடாதீங்க டாக்டர். தெனமும் கிளினிக்குக்கு மெத்தடோன் குடிக்க போறேன்ல? அங்க ஒரு நாள் தப்பாம போறவன் இங்க வரமாட்டேனா?" என்று கேட்டான். மெத்தடோன் என்பது ஊசியை விடுவதற்காகத் தினமும் தாதி முன்னால் நின்று குடிக்கும் மருந்து. கேள்வி நியாயமாக இருந்தது. இளம் டாக்டர் பெரிய டாக்டரிடம் பேசி, சோதனையாக ஒரு ஆளுக்கு அனுமதி வாங்கினார்.

சோதனை என்றால் சும்மாவா? குணா ஒரு நீளமான தாளில் கையெழுத்துப் போட்டான். லைனைத் தொடமாட்டேன், தொட்ட அடையாளம் இருந்தால் லைனை எடுத்துவிடுவார்கள், சிகிச்சைத் திட்டத்திலிருந்தும் நீக்கிவிடுவார்கள் என்றெல்லாம் இருந்தது. நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எங்களைத்தான் எல்லாரும் நம்புவார்களே.

அதோடு முத்திரையும் உண்டு. மருந்து முடிந்ததும் லைனின் மூடியைச் சுற்றிக் காகித ஒட்டி ஒன்றை ஒட்டி, அதன்மேல் சிஸ்டர் கையெழுத்துப் போடுவார், பாதி ஒட்டியின்மேல், பாதி மருந்துக் கட்டின்மேல். பிரித்து ஒட்டினால் கையெழுத்து சேராது. மறுநாள் காலை நான் டார்ச் அடித்துப் பார்த்து, நல்லபடி இருக்கிறது என்று மலாயில் "எலோக்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சிஸ்டர் புத்தகத்தில் குறிப்பார்.

அதே வாரம் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் லைனோடு வந்துகொண்டிருந்தார். டுரியான் பழத் தோட்டத்தில் மண் கொத்திவிட்டு, கட்டெல்லாம் சேறாக வந்து நிற்பார். "உங்களோட பெரிய தொல்லை அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே மாற்றிவிட்டோம். அவருக்கு முத்திரை கிடையாது, டார்ச் கிடையாது.

குணா முதல் வாரம் ஒரு நாள் தவறவில்லை. நான் டார்ச்சை எடுத்தாலே, "அண்ணே, கஸ்டம்ஸ் ஆபிசர் வந்துட்டாரு. டிக்கிய தொறக்கவா?" என்பான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. வீட்டுச் சாமி மாடத்தில் அவன் பெயரையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். தப்பு அங்கே இல்லை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

முதல் கட்டு மாற்றும் நாள். சிஸ்டர் துடைத்து, முப்பது எண்ணி முடித்து, புது ஒட்டுத்தாளை எடுக்கத் தட்டின் பக்கம் திரும்பினார். நான் குணாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் கோயிலில் பட்டையாகப் பூசிய திருநீறு என் நெற்றியில் இருந்தது. இவன் காலைக் காப்பாற்று முருகா என்று கையுறை போட்ட விரலால் என் நெற்றியைத் தொட்டு, லைன் தோலுக்குள் போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். குணா பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். சிஸ்டர் திரும்பி, விளக்குக் கூசலில் கவனிக்காமல் ஒட்டிவிட்டார். கிருமி நுழையாமல் இருக்க அவர் முப்பது எண்ணினார். நான் மூன்று வினாடியில் முடித்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு மனசு நிறைவாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் ஒட்டுத்தாளை உரித்த சிஸ்டரின் கை அப்படியே நின்றது. வியர்வையில் ஊறி, வெள்ளையும் சாம்பலுமாக ஒரு பசை. பக்கத்தில் உதிர்ந்த பொடி.

"என்ன இது, குணா?"

குரல் இறங்கியிருந்தது.

குணா கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. நான் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன்.

"தெரியல சிஸ்டர்" என்றான் குணா.

இளம் டாக்டர் வந்தார். லைனில் ஏற்ற மாத்திரையைப் பொடித்துக் கரைத்திருக்கிறான் என்றார். முத்திரை பிரியவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, இவர்களுக்குத் தெரியாத வித்தையா என்று பதில் வந்தது. சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள், சுத்தமாக இருந்தது. ஆனால் தாளில் அடையாளம் இருந்தால் என்றுதானே எழுதியிருக்கிறது? அடையாளம் இருந்தது. அதே பொடி என் நெற்றியில் மூன்று கோடாக எல்லார் கண்ணுக்கும் நேராக இருந்தது. சிஸ்டர் அந்த நெற்றியை வருஷக்கணக்காகப் பார்க்கிறவர். யாருக்கும் தோன்றவில்லை. என் நெற்றியில் இருந்தால் பக்தி, அவன் கையில் இருந்தால் சரக்கு.

லைனை உருவினார்கள். வார்டில் படுக்கிறாயா என்று கேட்டார்கள். குணா சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான். வாசலில் என்னைத் தாண்டும்போது, "வரேண்ணே" என்றான். அவ்வளவுதான்.

மாலை வீட்டுக்கு வந்து விளக்கேற்றிச் சாமி முன்னால் உட்கார்ந்தேன். தேவாரம் பாட வாய் வரவில்லை. என் மனைவி செல்வி கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இப்ப என்னங்க பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"முருகன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"அவரா லைன புடுங்குனாரு? புடுங்குனவங்ககிட்ட போய் சொல்லுங்க."

"வேலை போயிரும் புள்ள. பென்சன் போயிரும்."

"அந்தப் பையனுக்குக் கால் போயிரும்ங்க." கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை, சிஸ்டர் கையுறை மாட்டுவதற்கு முன்னால் போய் நின்றேன். என் நெற்றி வெறுமையாக இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவை.

"சிஸ்டர், அந்தப் பவுடர் என்னோடது."

சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எடுக்கறீங்களா, பழனி அண்ணே? எத்தனை நாளா?"

"ஐயோ, அல்லா... இல்ல சிஸ்டர், திருநீறு!" பதற்றத்தில் அவர் சாமியைக் கூப்பிட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையுறைப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"நானும் ஒவ்வொரு லைனையும் பிஸ்மில்லா சொல்லித்தான் தொடறேன், மிஸ்டர் பழனியப்பன். வாயால சொல்றேன். எடுத்து கொட்டறதில்ல."

"தப்புதான் சிஸ்டர்."

"அது அறியாமை. அதுக்கு மறுபடி ட்ரெய்னிங் அனுப்பலாம். நேத்து ஏன் வாய தொறக்கல? அதுக்கு எங்க அனுப்பறது?"

நான் மேசையில் கிடந்த டார்ச்சை எடுத்து டிராயரில் வைத்தேன்.

"போய் கூட்டிட்டு வாங்க. நீங்களே போங்க. ஒரு நாள் மருந்து நின்னாச்சு. ரெண்டாவது நாள் நிக்கக் கூடாது."

மோட்டாரை எடுத்துக்கொண்டு மாசாய்க்குப் போனேன். எரிவாயுக் கடை வாசலில், காலி உருளை ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தான் குணா. வலி முகத்தில் தெரிந்தது.

"வாங்க ஆபிசர். டார்ச் எங்க?"

"மன்னிச்சிருடா தம்பி. ஏன்டா நேத்து சொல்லல? நீதான் பார்த்தியே."

"சொன்னா? ஊசி போடறவன் சொல்றான், சாமியார் மாதிரி இருக்கற அண்ணன்தான் பவுடர் வச்சாருன்னு. நம்புவாங்களா? உங்களுக்கே சிரிப்பு வரும்லா." தரையைப் பார்த்தான். "நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

உருளை ஏற்ற லாரி ஒன்று வந்தது, நான் மோட்டாரைத் தள்ளி வழிவிட்டேன்.

"நீங்க பூசுனப்ப கோவம் வரல அண்ணே. எனக்காக எவனும் சாமிகிட்ட கேட்டதில்ல. அதான் தட்டிவிடல. தட்டிவிட்டிருக்கணும்."

"வாடா, போலாம். சிஸ்டர் காத்துக்கிட்டு இருக்காங்க."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"சிஸ்டர் சொல்லிருவாங்க."

"சிஸ்டர் சொல்ல வேணாம். நீங்க சொல்லணும். டாக்டர் முன்னாடி, நான் காதால கேக்கணும். அப்பதான் வருவேன்."

அவனை மோட்டார் பின்னால் உட்காரவைத்து, பள்ளம் மேடு பார்த்து ஓட்டி வந்தேன். தெப்ராவ் சாலை நெரிசலில் நிற்கும்போதெல்லாம் திரும்பிவிடலாமா என்று இருந்தது, எனக்கு. அவன் என் தோளைப் பிடித்திருந்தான். வலிக்காகப் பிடித்தானா, நான் ஓடிவிடாமல் இருக்கப் பிடித்தானா என்று தெரியாது.

டாக்டர் முன்னால் சொன்னேன். சிஸ்டர், இரண்டு தாதிகள், டுரியான் தோட்டத்து அதிகாரி எல்லாரும் கேட்டார்கள். டாக்டர் சீனர். சாம்பலா, எதன் சாம்பல் என்று கேட்டார். மாட்டுச் சாணத்தின் சாம்பல் என்று நான் சொல்ல, அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பிறகு குணா பக்கம் திரும்பி, "சாரி யா" என்றார். குணா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கினால் அப்படித்தான் பார்ப்பான்.

புது லைன் இடது கையில் போட வேண்டும். ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் கயிறு மாதிரி இறுகியிருந்தது. டாக்டர் ஸ்கேன் கருவியை வைத்துத் தேடினார்.

"அங்க வேணாம் டாக்டர், அதெல்லாம் முடிஞ்சிருச்சு" என்றான் குணா. "கொஞ்சம் உள்பக்கம் வாங்க. இன்னும். அங்க ஒண்ணு இருக்கு பாருங்க. நான் தொட்டதே இல்ல."

கருவியும் அதையே காட்டியது. ஏன் அதை மட்டும் விட்டாய் என்று டாக்டர் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குன்னு வச்சிருந்தேன். என்னைக்காவது தேவைப்படும்ல."

உருவிய லைனின் நுனியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் எந்தக் கிருமியும் வளரவில்லை என்று சில நாள் கழித்து வந்தது. திருநீற்று மகிமை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சிஸ்டர் பார்த்த பார்வையில் திரும்பி உள்ளே போய்விட்டது.

புது லைன் போட்ட அன்று மருந்து முடிந்ததும் சிஸ்டர் மறுபடி முத்திரை ஒட்டினார். குணா முகம் சுருங்கியது. "இது உனக்கு இல்லடா, இவருக்கு" என்று என்னைக் காட்டினார். மறுநாளிலிருந்து டார்ச் குணா கையில். "அண்ணே, கைய காட்டுங்க. திருப்புங்க. நெத்திய குனிங்க" என்று சோதித்துவிட்டு "எலோக்!" என்று அறை முழுக்கக் கேட்கச் சொல்லுவான். சிஸ்டர் புத்தகத்தில் குறிப்பார். மிச்ச நாளெல்லாம் ஒரு நாள் தவறாமல் வந்தான். கடைசி நாள் நேராக நடந்து போனான்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். சிஸ்டர் என் பென்சனை நினைத்து, அறிக்கையில் என் பெயரை எழுதவில்லை. "கட்டுக்குள் பொடி கண்டுபிடிக்கப்பட்டது, உரியவருக்கு அறிவுரை கூறப்பட்டது" என்று முடித்துவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். உரியவர் யார் என்று எழுதாவிட்டால் ஜனங்கள் தாங்களே ஒருவரைப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சிஸ்டர் ஓய்வு பெற்றார். டாக்டர் மாற்றலாகிப் போனார். கதை மட்டும் அங்கேயே வேலையில் இருந்தது.

என் பிரியாவிடை விருந்தில் புதுத் தலைமைத் தாதி மைக்கைப் பிடித்து அதைச் சொன்னார். போதைப் பித்தன் ஒருவன் சரக்கைத் திருநீறு என்று ஏமாற்றிக் கட்டுக்குள் ஒளித்து வைத்தானாம். சமயம் தெரிந்த நம் பழனி அண்ணன்தான் இது திருநீறே இல்லை என்று கண்டுபிடித்தாராம். எல்லாரும் கைதட்டினார்கள். பெரிய பரிசுக்கூடை கொடுத்தார்கள். நான் மைக்கை வாங்கி, "தெரிமா காசே" என்றேன். நன்றி என்று அர்த்தம். முதல் தடவை வாயையே திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்து, இதைத்தான் சொன்னேன்.

போன மாதம் என் ரத்த அழுத்த மாத்திரைக்காக அங்கே போயிருந்தேன். பகல் சிகிச்சை அறைக் கதவில், நோயாளிகள் திருநீறோ பவுடரோ பூசி வரக்கூடாது என்று மூன்று மொழியில் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே, கையெல்லாம் ஊசித் தழும்போடு ஒல்லியான ஒரு ஆள் லைன் கேட்டுக்கொண்டிருந்தான். நெற்றியில் சின்னக் கீற்று. புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாளர் அவனிடம், "மொதல்ல அத துடைங்க. உங்க ஆளுங்க பண்ண வேலையெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்றார். என்னைப் பார்த்து, "ஒரு கதை இருக்கு அங்கிள், தெரியுமா?" என்று ஆரம்பித்தார். என் கதையை என்னிடமே சொன்னார். அந்த ஒல்லி ஆள் துடைத்துக்கொண்டான். ஆனாலும் அவனுக்கு லைன் கொடுக்கவில்லை. வார்டில் படுக்கச் சொன்னார்கள்.

நேராக மாசாய் போனேன். குணா இப்போது உருளை தூக்குவதில்லை, கடையில் ஆர்டர் எடுக்கிறான். எழுதப் போகிறேன் என்றேன்.

"பரிசுக்கூடைல என்ன அண்ணே இருந்துச்சு?"

"பிஸ்கட்டு, ஆரஞ்சு சாறு, ரெண்டு டின் லைச்சிப் பழம்."

"ஒரு டின் கூட எனக்குத் தரல பாருங்க." சிரித்தான். பிறகு, "எழுதுங்க. ஆனா என்னை நல்லவனா ஆக்கிராதீங்க. அதுக்கப்புறம் ரெண்டு தடவ விழுந்து எழுந்தேன். அதையும் எழுதுங்க. இல்லன்னா அதையும் யாராவது வேற மாதிரி சொல்லுவாங்க" என்றான்.

எழுதிவிட்டேன். அன்று அந்த ஒல்லி ஆள் வார்டில் எத்தனை நாள் தங்கினான் என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த மாதிரி அறையில் வேலை பார்த்தால், பழைய கதை காதில் விழுந்தால், இதை எடுத்துச் சொல்லுங்கள். எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அவனைப் புனிதனாக்க வேண்டாம். நான் மறுநாளே ஒப்புக்கொண்டேன் என்று சொல்லும்போது, ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன் என்பதை விட்டுவிட வேண்டாம். கைதட்டு வாங்கினேன் என்பதையும்தான். முத்திரை பிரியவே இல்லை. பொடி என் நெற்றியிலிருந்துதான் அவன் கட்டுக்குள் போனது.